விற்ற கார், கிடைக்காத உதவித்தொகை

வைகைக்கரை:

போன வருஷம் அத்தை விண்ணப்பித்த மாத உதவித்தொகையை நிராகரித்துவிட்டார்கள். போனுக்கு வந்த மெசேஜில் ஒரே வரி, குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம். வீட்டில் நிற்பது மாமாவின் டிவிஎஸ் 50 மட்டும்தான்.

இ-சேவை மையத்தில் ஒரு மணி நேரம் தோண்டிய பிறகுதான் புரிந்தது. 2016இல் மாமா ஒரு பழைய ஆம்னியை புரோக்கரிடம் விற்றார், பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், வாங்கியவர் பேர் மாற்றவே இல்லை. ஆர்சி இன்னும் மாமா பேரில். சரி, அதைக் கவனிக்காமல் விட்டது எங்கள் தப்புதான்.

ஆனால் விண்ணப்பத்தில் நாங்கள் வண்டி நம்பர் எதையும் எழுதவில்லையே, அது எப்படி அங்கே போனது? தாலுகா ஆபீஸில் கேட்டால் "சிஸ்டத்தில் அப்படித்தான் சார் காட்டுது, ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்க." அங்கே போனால் "நாங்க யாருக்கும் எதுவும் அனுப்பலையே." பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். பிரிவு 6(3)இன்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பியதாக ஒரு கடிதம் வந்தது, அந்த அலுவலகத்திலிருந்து இன்னொரு 6(3). மூன்று பழுப்புக் கவர்கள் பீரோவில் இருக்கின்றன, பதில்தான் ஒன்றிலும் இல்லை. உதவித்தொகை மறுப்புக்கான மேல்முறையீடும் நிராகரித்த அதே துறையிடம்தான்.

பழைய ஸ்கூட்டர்:

எனக்கு வேறு மாதிரி. இன்சூரன்ஸ் முடிய பத்து நாள் இருக்கும்போது யாரோ ஒரு பெண் கூப்பிட்டு, வண்டி நம்பர், மாடல், முடியும் தேதி எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார். எங்கிருந்து கிடைத்தது என்றால் போனை வைத்துவிட்டார். அவர் எங்கே வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாகன் (வண்டிப் பதிவு), சாரதி (ஓட்டுநர் உரிமம்) என்ற அரசுத் தரவுத்தளங்களின் தகவல்களை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்து 65 கோடி ரூபாய் வந்தது என்று 2019இல் மாநிலங்களவையிலேயே மத்திய அரசு சொன்னது. மொத்தமாக விற்கும் அந்தக் கொள்கையை 2020இல் கைவிட்டார்கள். கொடுத்ததைத் திரும்பவா வாங்க முடியும்?

வைகைக்கரை:

அதான் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். படித்துப் பார்த்தேன். மானியம், உதவித்தொகை கொடுக்க, அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் தகவலை நம் சம்மதம் கேட்காமல் எடுத்துக்கொள்ள பிரிவு 7 வழிவிடுகிறது. நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்தே விலக்கு தரலாம், அது பிரிவு 17. புகாரை விசாரிக்கப்போகும் வாரியத்துக்குத் தலைவர், உறுப்பினர் நியமனம் மத்திய அரசின் கையில். இதே சட்டம்தான் தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும் ஆர்டிஐயின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலும் கேட்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது, இப்போது அந்த வரி இல்லை. பொதுநலனைச் சொல்லி இனி, பொதுநலன் பெரிதானால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) வழியாகத்தான் வாதாட வேண்டும். 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம்.

ஆக, துறைகளுக்கு வெளியே நின்று "யார், யாருக்கு, எதற்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்க, ஆர்டிஐயின் இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையத்தை விட்டால் இன்றைக்கு எனக்கு ஆள் இல்லை. நீதிமன்றம் போகலாம், அத்தை போவாரா?

அப்புறம், ஆம்னி வாங்கியவரை உசிலம்பட்டிப் பக்கம் தேடிப் பிடித்து பேர் மாற்றியாச்சு. ஆர்டிஓ பதிவில் மாறிவிட்டது. உதவித்தொகைப் பக்கம் நேற்று பார்த்தேன், அங்கே மாமா இன்னும் கார்க்காரர்தான்.