விமானம் விழுந்தா "பைலட் எரர்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க... உள்ள இருந்து பாத்தவங்க சொல்லுங்க

நான் ஏர்ஃப்ரேம் டெக்னீஷியனா, அதாவது விமானத்தோட உடல்பகுதியைப் பாத்துக்கற ஆளா இருந்தவன், எந்த ஸ்க்வாட்ரன் (விமானப் பிரிவு)னு சொல்லல. ஒரு நாள் காலைல ஒரு இளம் பைலட், வந்து ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, இறங்கி நேரா எங்கிட்ட வந்து "கொஞ்சம் ஓங்கி உக்காந்துருச்சு, ஹார்ட் லேண்டிங்னு எழுதிக்கோங்க"ன்னார். வெளிய பாத்தா ஒன்னுமே தெரியல, அவர் வாய் திறக்கலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எழுதினா விமானத்தை ஜாக்ல ஏத்தி அண்டர்கேரேஜ் (சக்கரத் தொகுதி) மாட்டியிருக்கற இடமெல்லாம் விரிசல் இருக்கான்னு தேடணும், அன்னிக்கு ரெண்டு சார்ட்டி (பறப்பு) கேன்சல். தேடினோம், ஒன்னும் இல்ல. மறுநாள் ப்ரீஃபிங்ல அத்தனை பேர் முன்னாடியும் "உன்னாலதான் இந்த மாச டார்கெட் போச்சு"ன்னு அவரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் நான் அங்க இருந்த மூணு வருஷத்துல ஒருத்தர்கூட ஹார்ட் லேண்டிங்னு வந்து சொல்லல. அத்தனை பேரும் பூ மாதிரி இறக்கினாங்கன்னு நான் நம்பல. அதுல ஒன்னு விழுந்திருந்தா ரிப்போர்ட்ல கடைசியா ஓட்டினவர் பேருதான் வந்திருக்கும், அந்த ப்ரீஃபிங் வந்திருக்காது.

—

அண்ணா, ஃப்ளைட் சேஃப்டி கிளாஸ்ல எங்களுக்கு சொல்லித்தந்த ஒரு கேஸ் இதுக்கு நேர் எதிர். 1994 ஜூன் 24, அமெரிக்காவுல ஃபேர்சைல்ட் தளம், ஏர் ஷோ ஒத்திகைல ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் கன்ட்ரோல் டவரை ரொம்ப தாழ்வா சுத்தி திருப்பறப்ப விழுந்து 4 பேரும் செத்துட்டாங்க. ஓட்டினவர் பட் ஹாலண்ட், வருஷக்கணக்கா விதியை மீறிட்டே இருந்தவர், அதுவும் எல்லார் கண்ணு முன்னாடி. பாம்பர் ஸ்க்வாட்ரன் கமாண்டர் மெக்கீஹன் "இவரை பறக்க விடாதீங்க"ன்னு மேல கேட்டுப் பாத்தார், மேலதிகாரி வாயால கண்டிச்சதோட சரி. அதனால "நான் கூட இல்லாம எங்க ஆளுங்க யாரும் அவரோட பறக்கக்கூடாது"ன்னுட்டார். விழுந்த அன்னிக்கு கோ-பைலட் சீட்ல அவரேதான் இருந்தார். இதைக் கேட்ட ராத்திரி எனக்கு தூக்கம் வரல. தப்பு பண்ணது பைலட்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல, ஆனா பாத்துட்டு சும்மா இருந்தவங்க எத்தனை பேர்? அந்த மேலதிகாரி பின்னாடி ராணுவ கோர்ட்ல கடமை தவறினதை ஒத்துக்கிட்டார்.

—

தம்பி, அதே ஜூன் 2ஆம் தேதி ஸ்காட்லாந்துல முல் ஆஃப் கின்டயர்ல பிரிட்டிஷ் விமானப்படையோட ஒரு சினூக் ஹெலிகாப்டர் மலைல மோதி 29 பேர் போனாங்க. செத்துப்போன பைலட் மேல குத்தம் சொல்லணும்னா துளிகூட சந்தேகம் இருக்கக்கூடாதுங்கறது அப்ப அந்த விமானப்படையோட விதி. அப்படியிருந்தும் 1995ல ரெண்டு ஏர் மார்ஷல்கள் பைலட்ஸ் ரெண்டு பேர் மேலயும் கடும் அஜாக்கிரதைன்னு எழுதிட்டாங்க, அதை ரத்து பண்ண 2011 ஆச்சு. 16 வருஷம் அந்தக் குடும்பங்க எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா மனசு ஆறல, செத்தவன் வந்து பதில் சொல்ல முடியாதே.

—

அண்ணா அந்த இளம் பைலட் அப்புறம் என்ன ஆனார்?

—

போஸ்டிங் மாறிப் போயிட்டார் தம்பி. போறதுக்கு முன்னாடி ஒரு நாள் இறங்கினதும் வீல்கிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார், என்னையும் ஒரு பார்வை பாத்தார், ஒன்னும் சொல்லாம நடந்துட்டார். நானும் கேக்கல. எல்லாரும் போனப்புறம் டார்ச் அடிச்சு முழுசா செக் பண்ணேன். ஃபார்ம்ல எதுவும் எழுதல.