மிளகுக்கொடி பட்டுப்போகிறது: வாடலா, நூற்புழுவா?

கேள்வி: கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடிகள் மழையில் வரிசையாகப் பட்டுப்போகின்றன. என்ன மருந்து?

பதில் 1: மருந்துக்கு முன்னால் தூர் மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டு கறுத்து அழுகி, இலை பச்சையாகவே உதிர்ந்தால் வேகவாடல், அதாவது கொடியைச் சீக்கிரம் சாகடிக்கும் அழுகல் நோய். மாதக்கணக்கில் மஞ்சளித்து, வேரில் முடிச்சு இருந்தால் நூற்புழு, வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழு.

பதில் 2: வேகவாடல் என்றால் 1% போர்டோ கலவை. 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு 50 லிட்டரில், தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். மழை பிடிக்கும் முன்பே தெளிக்க வேண்டும், தூரிலும் ஊற்ற வேண்டும்.

பதில் 3: அண்ணே, அதே நேரத்தில் டிரைக்கோடெர்மா (நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சை) போடாதீர்கள், போர்டோ கலவையில் உள்ள தாமிரம் அதைக் கொன்றுவிடும். செத்த கொடியை வேரோடு எடுத்து எரியுங்கள். தூரில் தண்ணீர் தேங்கினால் எல்லாமே வீண். முதலில் வடிகால் வெட்டுங்கள்.