மறு: மேட்ரிக்ஸ் ஸ்ட்ரக்சருக்குத் தமிழில் என்ன?

> கணிதப் பாடநூலில் மேட்ரிக்ஸ் என்றால் ‘அணி’. அதையே எடுத்து ‘அணி அமைப்பு’ என்று வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். நாம் பெயர் தேடுவது ஒரு நிறுவனத்தில் ஆட்களையும் வேலையையும் பிரித்து அமைக்கும் முறைக்கு. கணக்கு வகுப்பில் அணி சரி, அங்கே யாரும் அதை டீமோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். நிறுவனத்தைப் பற்றி எழுதும்போது அணி என்றாலே டீம்தான். ஆளுக்கொரு குழுவாகப் பிரிந்து வேலை செய்கிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

இந்த அமைப்பின் உயிரே ஓர் ஊழியருக்கு இரண்டு மேலாளர்கள் இருப்பதுதான். 1960களில் அமெரிக்க விமான, விண்வெளி நிறுவனங்களில் இது பரவியது. பொறியாளரின் தொழில்நுட்பத் தரத்தைக் கவனிக்கத் துறைத் தலைவர் வேண்டும், சொன்ன தேதிக்குள் வேலையை முடிக்கத் திட்ட மேலாளரும் வேண்டும், இரண்டில் எதையும் விட முடியாது. நானும் சில வருடம் அப்படியோர் இடத்தில் இருந்தேன். தினமும் வேலை வாங்கியவர் திட்ட மேலாளர், ஆண்டு இறுதியில் மதிப்பெண் போட்டதோ நான் என்ன செய்தேன் என்றே பார்க்காத துறைத் தலைவர். லீவு கேட்டால் இருவருமே “அவர் சரி என்றால் எனக்கும் சரி” என்பார்கள். போன மடலில் ஒருவர் ‘இருதலை அமைப்பு’ என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், கொள்ளிக்கு நடுவே இருந்த எறும்பு நான்தானே. ஆனால் அது நிறுவனத்துக்கே இரண்டு தலைவர்கள் என்பதுபோல ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘ஊடுபாவு அமைப்பு’. தறியில் முதலில் இழுத்துக் கட்டுவது பாவு, அது அப்படியே நிற்கும். ஊடு குறுக்கே ஓடும். துறைகள் பாவுபோல நிலையாக இருக்க, திட்டங்கள் ஊடுபோல வந்து போகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊழியர். குறுக்கும் நெடுக்குமான கட்டம் என்பதும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

> மற்ற இரண்டுக்கும் (ஃபங்ஷனல், டிவிஷனல் ஸ்ட்ரக்சர்) ‘துறை அமைப்பு’, ‘பிரிவு அமைப்பு’ போதும்.

போதாது. துறைக்கும் பிரிவுக்கும் பேச்சில் வித்தியாசமே கிடையாது. செய்யும் வேலையின்படி பிரித்ததற்குப் ‘பணிவாரி’, தயாரிக்கும் பொருளின்படி பிரித்ததற்குப் ‘பொருள்வாரி’ என்று வைத்தால் எதன்படி பிரித்தார்கள் என்பது சொல்லிலேயே தெரியும், தேவைப்பட்டால் ‘வட்டாரவாரி’ என்றும் நீட்டிக்கொள்ளலாம். அமெரிக்க ரசாயன நிறுவனமான டுபாண்டின் கதையை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்: வெடிமருந்து மட்டும் செய்தவரை உற்பத்தி, விற்பனை, கொள்முதல் என்ற பணிவாரி அமைப்பு டுபாண்டுக்குப் பொருந்தியது. முதல் உலகப் போருக்குப் பிறகு பெயின்ட், சாயம் என்று கிளை விரித்தபோது, டன் கணக்கில் பெரிய வாடிக்கையாளர்களுக்கு விற்றுப் பழகிய அதே விற்பனைத் துறை வீட்டுக்கு வாங்குபவரிடம் பெயின்ட் விற்கத் திணறியது, நட்டம் வந்தது, 1921இல் பொருள்வாரிக்கு மாறினார்கள். ஆப்பிள் இதற்கு எதிர்த்திசை. 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், தனித்தனியாக லாப நட்டக் கணக்கு வைத்திருந்த பிரிவுகளைக் கலைத்து எல்லாவற்றையும் பணிவாரியாக்கினார். கையில் நாலைந்து பொருள் மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவருக்கு அது பொருந்தியது. இந்த இரண்டு கதையிலும் ‘துறை’, ‘பிரிவு’ என்று மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள், யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்றே பிடிபடாது.

ஸ்ட்ராடஜிக்கு வியூகமா, உத்தியா, மூலோபாயமா என்ற பஞ்சாயத்தில் நான் வியூகம் கட்சி. இலங்கை நண்பர்கள் மூலோபாயத்தை விட மாட்டார்கள், சரி, இரண்டும் இருக்கட்டும். உத்தி சின்ன நகர்வுக்கும் ஆகும் என்பதால் இங்கே குழப்பும். வணிக வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962இல் சொன்னதை ‘வியூகம் முந்தி, கட்டமைப்பு பிந்தி’ என்று எழுதினால் நாக்கில் நிற்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். குறுக்கு நூலை ‘ஊடை’ என்றும் சொல்வார்களே, அப்படியானால் அகராதிப் பட்டியலில் ஊடுபாவு என்றே போடலாமா, ஊடைபாவு என்று போட வேண்டுமா? நெசவு தெரிந்த யாராவது சொன்னால் இந்த வாரமே ஏற்றிவிடுகிறேன்.