மறு: பகடை உருட்டலில் ‘தோல்வி’க்கு வேறு சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில், யாரும் எடுத்தாளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு வந்தன. அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழாக்கி, சனிக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஆடி வருகிறேன். இந்தச் சனிக்குள் சோதனை விதிகளை அச்செடுக்க வேண்டும்.

சோதனை என்றால், இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டுகிறோம். இலக்கை எட்டாவிட்டால் ‘தோல்வி’ என்று எழுதியிருந்தேன். போன வாரம் பூட்டைத் திறக்க உருட்டிய சிறுமி அந்தச் சொல்லைக் கேட்டதும் தாளைக் கவிழ்த்துவிட்டாள். பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கோ ஆட்டமே முடிந்துவிட்ட மாதிரி. தோல்வி என்பது போர் முடிந்தபின் சொல்லும் சொல். ஒரு முயற்சி கைகூடாததற்கு என்ன சொல்லலாம்?

---

தம்பி, முதலில் ‘பகடை’ என்ற சொல்லை விடுங்கள். குறளில் ‘கவறு’ இருக்கிறது (935). 933இல் ‘உருளாயம்’ வருகிறது. உருட்டிக் கிடைத்த எண்ணுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தோல்விக்கு என் பரிந்துரை ‘பிழைப்பு’. பிழைத்தல் என்றால் குறி தப்புதல். முயலை எய்த அம்பைவிட ‘யானை பிழைத்த வேல்’ ஏந்துவது இனிது என்கிறார் வள்ளுவர் (772). அந்தச் சிறுமிக்குச் சொல்ல வேண்டியது இதுவேதான்.

---

ஐயா, குறள் மிகப் பொருத்தம். ஆனால் இதே விதிநூலில் சாவுச் சோதனை என்று ஒன்று உண்டு. உயிர் ஊசலாடும் பாத்திரம் உருட்டும்போது 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும். எதிர்ப்பக்கம் மூன்று சேர்ந்தால் சாவு. உங்கள் சொல்லைப் போட்டால் ‘மூன்று முறை பிழைத்தால் இறந்துவிடுவாய்’ என்று வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? செத்துப் பிழைத்தவனைத்தான் இன்று பிழைத்தான் என்கிறோம்.

கவறும் வேண்டாம். கேட்டதும் புரியாத சொல்லை ஒவ்வொரு உருட்டலுக்கும் சொல்ல முடியாது.

---

அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். தாயக்கட்டை ஆடி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நமக்கு ஒன்று விழுந்தால் தாயம். தாயம் போட்டால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். அதற்காகவே என் பாட்டி கட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து உருட்டுவார். இங்கே தாக்கும்போது 1 விழுந்தால், திறன் எவ்வளவு இருந்தாலும் அடி படாது. பூட்டுத் திறப்பது போன்ற திறன் சோதனைக்கு அந்த விதி கிடையாது. 1 வந்தாலும் கூட்டிப் பார்க்க வேண்டும். இதையும் தாளில் எழுதிவிடுங்கள், நிறையப் பேர் கலந்துவிடுகிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன்: ‘சறுக்கல்’. யானைக்கும் அடி சறுக்கும். கைதேர்ந்த திருடிக்கும் ஒரு நாள் கம்பி நழுவும். திறமையைக் குறை சொல்லாமல் நேரத்தைக் குறை சொல்கிற சொல் இது.

---

சறுக்கல் எனக்குப் பிடிக்கிறது. ‘இடறல்’ என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இன்னொரு கதாபாத்திர ஆட்டத்தில் ஆறு முகப் பகடை இரண்டு. 10க்கு மேல் போனாலோ 10 வந்தாலோ முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றைப் பறிகொடுக்க வேண்டும். 36 சேர்க்கைகளில் 15 இந்த நடுவில்தான் விழுகின்றன. கால் இடறியவன் தடுமாறினாலும் போய்ச் சேர்கிறான். அந்த நடு எண்களுக்கு இடறல், 6க்கும் கீழுக்கும் சறுக்கல்.

---

கல் தடுக்கினால் இடறல், தரை வழுக்கினால் சறுக்கல். இரண்டிலும் விழலாம், விழாமலும் இருக்கலாம். நீங்கள் சொல்லும் படிநிலை சொல்லில் இல்லை, ஐயா.

---

நன்றி. இரண்டு பேர் சறுக்கல் சரி என்கிறீர்கள். நாளை அச்சகத்துக்குப் போக வேண்டும், அதையே போடுகிறேன். பகடை பகடையாகவே இருக்கட்டும். இடறலை அடுத்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

---

தம்பி, சாவுச் சோதனையில் பிழைப்பு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆங்கில மூலத்திலேயே குறி தப்பிய தாக்குதலுக்கு ஒரு சொல், கைகூடாத சோதனைக்கு வேறு சொல். நீங்கள் இரண்டையும் சறுக்கலில் அடைக்கிறீர்கள். பறந்து போன அம்பு எங்கே சறுக்கியது? அந்த ஓர் இடத்திலாவது ‘அம்பு பிழைத்தது’ என்று போடுங்கள்.