ஹோம்ஸை மறுபடி படிக்கிறேன், டோங்காவைத் தாண்ட முடியவில்லை

கேள்வி:
பள்ளி வயதில் படித்த, கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையான 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) நாவலைப் போன வாரம் மறுபடி எடுத்தேன். அன்று தேம்ஸ் நதியில் நடக்கும் படகுத் துரத்தல்தான் மனதில் நின்றது. இப்போது டோங்கா என்ற அந்தமான்காரர்தான் கண்ணில் நிற்கிறார். ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெஸட்டியரை (ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் தகவல் நூல்) எடுத்து, அந்த மக்கள் விகாரமானவர்கள், மனிதரைத் தின்பவர்கள் என்று வாசிக்கிறார். ஒவ்வொரு தடயத்தையும் சந்தேகிக்கிறவர் இதை மட்டும் அப்படியே நம்பிவிடுகிறார். கடைசியில் டோங்கா சுடப்பட்டு ஆற்றில் விழுகிறார். பிடித்த எழுத்தாளர் என்பதால் ரொம்பவே வலிக்கிறது. நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

பதில் 1:
அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். கதையைக் கதையாகப் படியுங்கள்.

பதில் 2:
எல்லாருமா? வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' 1868-லேயே வந்துவிட்டது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழும்போது ஒரு கையில் தீப்பந்தமும் இன்னொரு கையில் ரத்தம் சொட்டும் குத்துவாளுமாக நிற்பவன் ஆங்கிலேய அதிகாரி. மூன்ஸ்டோன் என்ற கோயில் வைரத்தின் திருட்டு அங்கேதான் தொடங்குகிறது. வைரத்தைத் தேடிப் போகும் மூன்று பிராமணர்களும் கொலைக்கு அஞ்சாதவர்கள்தான், ஆனாலும் முடிவில் கல் சோமநாத்துக்கே திரும்புகிறது. வைரத்துக்காகச் சாதியை இழந்த அந்த மூவரும் கட்டித் தழுவிக்கொண்டு, கூட்டம் வழிவிட, ஆளுக்கொரு திசையில் பிரிந்து போகும் இடம் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து வெகுநேரம் சும்மா இருந்தேன்.

பதில் 3:
கிப்ளிங்கின் 'கிம்' (1901) நாவலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதல் பக்கத்திலேயே லாகூர் பீரங்கி மேல் உட்கார்ந்திருக்கும் பையன் இன்னொரு சிறுவனை உதைத்துத் தள்ளிவிடுகிறான். பஞ்சாப் ஆங்கிலேயர் கையில், கிம்மும் ஆங்கிலேயன், அதனால் அதில் ஓரளவு நியாயம் உண்டாம், கிப்ளிங்கே சொல்கிறார். அப்புறம் அதே கிப்ளிங் கிராண்ட் டிரங்க் சாலையை எழுதும்போது தூசி நம் மேல் படிகிறது. இரண்டும் ஒரே கையெழுத்து. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதில் 2-ஐப் படித்ததும் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் அந்தமானிலிருந்து தப்பிய கைதியான ஜொனாதன் ஸ்மாலின் வாக்குமூலத்துக்குத் திரும்பிப் போனேன். காட்டில் சாகக் கிடந்த டோங்காவை அவன்தான் பார்த்துக்கொள்கிறான், அதற்குப் பிறகு டோங்கா அவனை விட்டுப் போகவே இல்லை, தப்பிக்கத் தன் படகையே கொடுக்கிறார். நிஜத்தில் போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றம் 1858-ல் வந்தபின் அந்தத் தீவு மக்கள் தட்டம்மையிலும் மற்ற நோய்களிலும் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். நாவலில் அவர்களுக்காகப் பேச அந்தக் கெஸட்டியர் மட்டும்தான் இருக்கிறது. சரி, அடுத்து மூன்ஸ்டோன்தான்.