மறு: ஸ்குவெல்ச் – இரைச்சல் ஒடுக்கியா, ஒலிமடையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய சிபி வானொலிப் பெட்டிகளை (பொதுமக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் இருவழிப் பெட்டிகளை) பழுதுபார்க்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிற நண்பர், ஸ்குவெல்ச் (யாரும் பேசாதபோது பெட்டியின் 'உஸ்ஸ்' வெளியே வராமல் நிறுத்திவைக்கிற சுற்று) என்ற ஒரே சொல்லில் வண்டி நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். அதற்குப் பின் வந்த மடல்களையெல்லாம் படித்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "இரைச்சல் ஒடுக்கி" என்று வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். சிபி பெட்டியின் முகப்பைப் பாருங்கள். ஸ்குவெல்ச் குமிழுக்குப் பக்கத்திலேயே பல பெட்டிகளில் இன்னும் இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று ஏ.என்.எல்.; வண்டி எஞ்சினின் தீப்பொறியால் எழும் கூர்மையான இரைச்சலின் தலையைச் சீவிவிடுவது அதன் வேலை. இன்னொன்று என்.பி.; அந்த இரைச்சல் ஒலியாக மாறுவதற்கு முன்பே, அதன் துடிப்பு வருகிற கண்ணிமைப்பொழுதுக்கு மட்டும் பாதையைத் துண்டித்துவிடும். இரைச்சலோடு மல்லுக்கட்டுகிற வேலை இவை இரண்டுக்கும்தான். ஸ்குவெல்ச் இரைச்சலைத் தொடுவதே இல்லை. அது திறந்திருக்கும்போது பேச்சும் வரும், பேச்சோடு சேர்ந்து இருக்கிற இரைச்சல் அத்தனையும் வரும். யாரும் பேசாத நேரத்தில் ஒலி போகிற வழியை அடைத்துவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

இரைச்சல் ஒடுக்கி என்ற பெயரை இதற்குக் கொடுத்துவிட்டால், உண்மையிலேயே இரைச்சலை ஒடுக்குகிற அந்த இரண்டையும் என்னவென்று அழைப்பது? இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. புதிதாகப் பெட்டி வாங்கியவர், எஞ்சின் இரைச்சல் தாங்காமல் இந்தக் குமிழை வலப்பக்கம் கடைசிவரை திருகிவைப்பார். பெட்டி ஊமையாகிவிடும். தூரத்திலிருந்து மெல்லிதாக வருகிற குரல் எதுவும் காதில் விழாது. பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார். அப்படி வந்தவற்றை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

எஃப்.எம். கைப்பெட்டிகளில் (வாக்கி-டாக்கிகளில்) கதை இன்னும் வேடிக்கை. அங்கே இந்தச் சுற்று, பேச்சுக்கு மேலே உள்ள அதிர்வெண்களில் இரைச்சல் இருக்கிறதா என்றுதான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இரைச்சல் இருந்தால் வழியை அடைக்கும். பேச்சைச் சுமந்து வருகிற ஊர்தி அலை வந்து இரைச்சல் அடங்கினால் திறக்கும். இரைச்சல்தான் அதற்குக் கண். அதைப் போய் ஒடுக்கி என்பதா?

> ஆங்கிலத்தில் நசுக்குவது என்ற பொருள்தானே? "அமுக்கி" போதும்.

ஆங்கிலேயர் அந்தச் சொல்லில் நசுக்குவதையும் கேட்டார்கள், சேற்றில் கால் புதைந்து எழும்போது வருகிற சதக் சதக் சத்தத்தையும் கேட்டார்கள். அவர்கள் காதில் பட்டது அது. நாம் அவர்கள் சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அந்தச் சுற்று செய்கிற வேலைக்குப் பெயர் வைத்தால் போதும். போதாக்குறைக்கு, அமுக்கி என்றால் ஒலித்துறையில் வேறொன்று நினைவுக்கு வரும். உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் நெருக்கிக் கொண்டுவருகிற கம்ப்ரசருக்கு அதை விட்டுவைப்போம்.

> "வாய்ப்பூட்டு" எப்படி?

சிரித்துவிட்டேன். ஒரு நிமிடம் கை தூக்கவும் பார்த்தேன். ஆனால் யார் வாய்க்குப் பூட்டு? படிக்கிறவருக்கு மைக் நினைவுக்கு வரும், பேசவிடாமல் தடுக்கிறது என்று எண்ணுவார். ஸ்குவெல்ச்சுக்கும் நாம் பேசுவதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது முழுக்க முழுக்கக் கேட்கிற பக்கத்து வேலை.

இனி என் சொல். அது யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, ஒரு பழுதிலிருந்து வந்தது. அதைச் சொன்னால்தான் சொல்லும் விளங்கும்.

பெட்டி 23 அலைவரிசை கொண்டது. அமெரிக்காவில் 1977 ஜனவரி 1 முதல் 40 அலைவரிசைகள் வந்துவிட்டன. இது அதற்கு முந்தையது. உள்ளே அதிர்வெண்ணைப் பிடித்துவைக்கிற 14 படிகங்கள் வரிசை கட்டி நின்றன. வந்தபோது உயிரே இல்லை. ஃபியூஸ் போயிருந்தது, புது ஃபியூஸும் போட்ட கையோடு போனது. யாரோ பாட்டரிக் கம்பிகளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ளவென்றே மின்வழியின் குறுக்கே வைத்திருக்கும் டையோடு, தான் செத்துப் பெட்டியைக் காப்பாற்றியிருந்தது. அதை மாற்றினேன். விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. இதில் பதற ஒன்றுமில்லை. பல பழைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை மைக் செருகி வழியாகத்தான் போய்த் திரும்பும். மைக்கைச் செருகாவிட்டால் பெட்டி பேசாது. மைக்கைச் செருகியதும் 'உஸ்ஸ்' என்று வந்தது.

வந்தது நிற்கவில்லை. ஸ்குவெல்ச் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகியும் உஸ்ஸ் அப்படியே இருந்தது. முதல் சந்தேகம் குமிழுக்குப் பின்னால் இருக்கிற மாறுதடைமேல். ஐம்பது ஆண்டுத் தூசு. துப்புரவுத் திரவம் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருகினேன். கரகரப்பு போனது, உஸ்ஸ் போகவில்லை. மல்டிமீட்டரை வைத்தேன். மாறுதடையின் நடுக்காலில் மின்னழுத்தம் ஒழுங்காக ஏறி இறங்கியது. அப்படியானால் குமிழ் நல்லதுதான், அது சொல்வதைக் கேட்க வேண்டியவன்தான் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவன் ஒரு டிரான்சிஸ்டர். இந்தப் பெட்டியில் ஏற்பாடு இதுதான்: குமிழைத் திருகினால் அந்த டிரான்சிஸ்டரின் பேஸில் (அதற்கு உத்தரவு போகிற காலில்) மின்னழுத்தம் ஏறும். சுமார் 0.6 வோல்ட்டைத் தொட்டதும் அது கடத்தத் தொடங்கி, அடுத்துள்ள ஒலிப்பெருக்கி டிரான்சிஸ்டருக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தைத் தரையில் இழுத்துவிடும். ஒலி நின்றுவிடும். யாராவது பேச வந்தால், வரும் அலையின் வலுவுக்கு ஏற்ப மாறுகிற ஏ.ஜி.சி. மின்னழுத்தம் முதல் டிரான்சிஸ்டரைப் பிடித்துக் கீழே தள்ளும்; அது விட்டுவிட, ஒலிப்பெருக்கி விழித்துக்கொள்ளும்.

பேஸில் மீட்டரை வைத்தால் 0.3-க்கு மேல் ஏற மறுத்தது. எங்கோ கசிகிறது. பேஸுக்கும் தரைக்கும் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மின்பகு மின்தேக்கி, 10 மைக்ரோஃபாரட். அதன் ஒரு காலை மட்டும் பற்றாசு உருக்கித் தூக்கினேன். பட்டென்று உஸ்ஸ் நின்றது. தனியே எடுத்து ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். நல்ல மின்தேக்கியென்றால் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு மெல்ல முடிவிலி நோக்கித் திரும்ப வேண்டும். இது நாலாயிரம் ஓமிலேயே உட்கார்ந்துவிட்டது. தேக்குவதை விட்டுவிட்டு ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

புதியதைப் பொருத்தி முடித்து, வழக்கம்போல் பழுதுக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்:

தேக்கி கசிந்தது, மடை அடைபடவில்லை.

எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று பார்த்தேன். மின்தேக்கி, மின்னோட்டம், கசிவு, வடிகட்டி என்று மின்னியலுக்கு நாம் ஏற்கெனவே வைத்திருக்கிற சொற்கள் எல்லாம் நீரிலிருந்து வந்தவை. ஸ்குவெல்ச்சுக்கும் அங்கேயே சொல் காத்திருந்திருக்கிறது. ஒலிமடை.

முதலில் கலிங்கு என்றுகூட எண்ணினேன். ஏரி ஒரு மட்டத்துக்கு மேல் நிறைந்தால் யாரும் தொடாமலே வழிகிற இடம். ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வழிவிடும் என்ற கருத்து அதில் அழகாக இருக்கிறது. ஆனால் கலிங்கில் உபரி மட்டும்தான் போகும். ஸ்குவெல்ச் அப்படியில்லை. வரம்பைத் தாண்டிவிட்டால் வருவது முழுக்க வரும், தாண்டாவிட்டால் சொட்டும் வராது. அது மடையின் குணம். மடையைத் திறந்து மூட ஆள் வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆள் இருக்கிறான், மூன்று கால் உள்ள ஆள், பேஸில் 0.6 வோல்ட் கொடுத்தால் அடைப்பான், குறைத்தால் திறப்பான். நம் கையில் இருக்கிற குமிழ் அந்த ஆளுக்கு எந்த மட்டத்தில் திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மட்டும்தான். அந்த வரம்புக்கு மடைமட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

> மடை என்றதும் மடையன் நினைவுக்கு வருகிறதே!

வரட்டும். கூடவே "மடை திறந்தாற்போல" என்பதும் வரும். அடைத்துக் கிடந்த பெட்டியில் சட்டென்று ஒரு குரல் பாய்ந்து வருவதைக் கேட்டவர்கள் அந்த உவமையை மறுக்க மாட்டார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே நிற்கிறது என்று சிபியில் பேசிக்கொண்டு போன காலத்தை எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்க ஓட்டுகிறவர் காதில் உஸ்ஸையும் நாள் முழுக்க வாங்க முடியுமா? மடையை அடைத்துவிட்டு ஓட்டியிருப்பார். பக்கத்தில் எவராவது வாய் திறந்தால் அது தானே திறந்திருக்கும்.

> "ஒலிவாயில்" இதைவிட நாகரிகமாக இல்லையா?

வாயிலைத் தர்க்கச் சுற்றுகளின் 'கேட்'டுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு வாயில் வந்தால் படிக்கிறவர் எதில் நுழைவார்?

கையேட்டிலிருந்து நண்பர் அனுப்பிய வரிகளில் சொல்லை வைத்துப் பார்த்தேன்:

மடைக்குமிழை இடக்கோடிக்குத் திருப்பி, உஸ்ஸ் கேட்கும்வரை ஒலியளவைக் கூட்டவும். பிறகு உஸ்ஸ் அடங்கும் இடம் வரை மெல்ல வலப்பக்கம் திருப்பி, அங்கேயே நிறுத்தவும். அதற்கு மேல் மடையை இறுக்கினால் மெலிந்த அலைகள் கேட்காது. பழுது தேடும்போது மடையை முழுக்கத் திறந்துவைத்துக்கொள்ளவும்.

கடைசி வரியை அவர் தடித்த எழுத்தில் போட வேண்டும். சத்தமே வரவில்லை என்று பெட்டியைப் பிரித்து, ஒலிப்பெருக்கி டிரான்சிஸ்டரைக்கூட மாற்றிவிட்டு, கடைசியில் மடை இறுகியிருந்ததைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

எஃப்.எம். பெட்டிகளில் பேச்சோடு சேர்த்து 67 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த தொனி ஒன்றை அனுப்பி, அந்தத் தொனி இருந்தால் மட்டும் திறக்கிற ஏற்பாடு உண்டல்லவா? அதற்குத் தொனிமடை என்று சொல்லலாம். தனியாக யோசிக்க வேண்டியதே இல்லாமல் தானாக வந்து விழுகிறது.

ஒன்றில்தான் எனக்கு முடியவில்லை. அதே எஃப்.எம். பெட்டிகளில், எதிர்முனையில் இருப்பவர் பேசும் பொத்தானை விட்டதும் மடை அடைபடுவதற்குள் 'க்ர்ஷ்' என்று ஒரு துண்டு இரைச்சல் வெளியே தெறிக்குமே, ஆங்கிலத்தில் அதை வால் என்கிறார்கள். மடைவால் என்றால் ஏதோ பறவை மாதிரி இருக்கிறது. மடைக்கசிவு என்றால் பழுது என்று எண்ணிவிடுவார்கள். நீர் பாய்ச்சிய பழக்கம் உள்ளவர்கள் யாராவது, மடையை அடைக்கிற நேரத்தில் கடைசியாகச் சிந்துகிற தண்ணீருக்கு உங்கள் பக்கத்தில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.