பழைய ஸ்டீரியோ ரிசீவர்: வெளிச்சம் வருகிறது, ஊசி ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. உதவி தேவை

மாங்குளத்துப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் இருக்கிற சித்தப்பா தன்னுடைய பழைய ஸ்டீரியோ ரிசீவரையும், இரண்டு ஸ்பீக்கர்களையும், ஒரு கசெற் டெக்கையும் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். வந்து மூன்று வாரமாகிறது. கரண்ட் கொடுத்தால் முகப்பில் மஞ்சள் வெளிச்சம் வருகிறது. பெரிய குமிழைத் திருப்பி எப்.எம். பிடித்தால் கண்ணாடிக்குள் இருக்கிற சின்ன ஊசி எழும்பி நிற்கிறது. ஆனால் வொலியூமை எவ்வளவு கூட்டினாலும் ஸ்பீக்கரில் ஒரு மூச்சுக்கூட இல்லை.

முகப்பில் இவ்வளவும் இருக்கின்றன: ஸ்பீக்கர்ஸ் ஏ, பி; பேஸ், ட்ரெபிள், பாலன்ஸ்; லவுட்னஸ், மோனோ, மியூட்டிங், டேப் மானிட்டர் என்று நான்கு பட்டன்; பிறகு போனோ, ஏ.எம்., எப்.எம்., ஆக்ஸ் என்று சுற்றுகிற குமிழ் ஒன்று. கையேடு வரவில்லை. சித்தப்பாவும் பாவித்துப் பல வருடம், அவருக்கும் நினைவில்லை.

டவுனில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், ஐ.சி. போய்விட்டது, 25,000 ரூபாய் வரும் என்றார்கள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

இவ்வளவு மினக்கெடுவதற்குக் காரணம் அப்பா. அவருக்கு 74 வயது. அப்பம்மா அருவி வெட்டுப் பாட்டு (நெல் அறுவடைப் பாட்டு) பாடிய கசெற் ஒன்றை, இடம்பெயர்ந்த இடமெல்லாம் பால்மா டின்னுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர். கேட்டுப் பல வருடமாகிறது. இந்தப் பெட்டி வந்த நாளில் இருந்து அந்த டின்னை எடுத்துப் பக்கத்தில் வைத்தபடி இருக்கிறார்.

மல்லாவித் தம்பி:

அக்கா, போனில் இருந்து வயர் கொடுத்து ஆக்ஸில் போட்டுப் பார்த்தீர்களா? றேடியோ பகுதி மட்டும் பழுதாக இருக்கலாம். போனோ என்று எழுதிய துளையில் போனைச் செருகிவிடாதீர்கள். அது இசைத்தட்டுக்கு மட்டும். இசைத்தட்டு ஊசியில் இருந்து வருகிற சில மில்லிவோல்ட்டை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்குகிற இடம் அது. போனைக் கொடுத்தால் சத்தம் கிழிந்துதான் வரும்.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

தங்கச்சி, கடைக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஊசி எழும்புகிறது என்றால் றேடியோ பகுதி உயிரோடு இருக்கிறது. தம்பி சொன்ன ஆக்ஸ் சோதனையும் நல்லதுதான். ஆனால் முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பெட்டியின் முதுகில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது? சில பழைய பெட்டிகளில் வோல்ட் மாற்றுகிற சின்னத் திருகு ஒன்றும் இருக்கும். அது எந்த இலக்கத்தைக் காட்டுகிறது? அதைப் பார்க்கும் வரை திரும்பவும் கரண்ட் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, வொலியூமை அடியில் வைத்து, வீட்டில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பெட்டியைப் போடுங்கள். காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். மூன்று, நான்கு விநாடி கழித்து உள்ளே 'டிக்' என்று கேட்கிறதா? அது ஸ்பீக்கரைக் காக்கிற ரிலே. பவர் பகுதி எரிந்திருந்தால் அது பெரும்பாலும் மூடாது, டிக் சத்தமும் வராது.

கடைசியாக, ஸ்பீக்கர் வயரை முதுகில் ஏ-யில் கட்டியிருக்கிறீர்களா, பி-யிலா? முகப்பில் எது அமுங்கியிருக்கிறது? ஹெட்போன் இருந்தால் அதையும் செருகிக் கேளுங்கள்.

எதற்கும் மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கப்பாசிற்றர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மாங்குளத்துப் பிள்ளை:

அண்ணை, முதுகில் 110, 127, 220, 240 என்று நான்கு இலக்கம் இருக்கின்றன. அம்புக்குறி 220 இல் நிற்கிறது. 'டிக்' கேட்கிறது! போட்டு நான்காவது விநாடியில் தெளிவாகக் கேட்டது, அப்பாவும் கேட்டார். வயர் ஏ-யில், முகப்பிலும் ஏ அமுங்கியிருக்கிறது. ஹெட்போனிலும் சத்தம் இல்லை. ஆக்ஸில் போனைக் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

சரி. இனி உங்கள் பெட்டி எனக்கு முன்னால் இருப்பது போலத்தான். டேப் மானிட்டர் என்ற பட்டன் அமுங்கி இருக்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள், மற்றவற்றை விட ஒரு நூல் உள்ளே போயிருக்கும். அதை ஒருமுறை அமுக்கி வெளியே எடுங்கள். வொலியூமைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் திடீரென்று வந்து அப்பாவைத் திடுக்கிட வைக்கும்.

ஏன் என்று சொல்கிறேன், அது தெரிந்தால் மற்றக் குமிழ்களும் விளங்கும். நமக்குத் தெரிந்த குளமும் வாய்க்காலும்தான். எப்.எம்., ஆக்ஸ் என்று சுற்றுகிற குமிழ், எந்தக் குளத்தில் இருந்து தண்ணீர் வர வேண்டும் என்று முடிவு செய்கிற துருசு. அதற்குக் கீழே வாய்க்காலின் நடுவில் இருக்கிற மடைதான் டேப் மானிட்டர். அதை அமுக்கினால் மேலே இருந்து வருகிற தண்ணீர் அங்கேயே மறிபட்டு, கசெற் டெக்கின் பக்கத்து வாய்க்கால் மட்டும் திறக்கும். டெக்கில் இருந்து ஒன்றும் வராவிட்டால் வயலுக்கு ஒரு சொட்டும் வராது. நீங்கள் எப்.எம். வைத்தாலும் ஆக்ஸ் வைத்தாலும் ஒன்றுதான். வொலியூம், பாலன்ஸ், பேஸ், ட்ரெபிள் எல்லாம் மடைக்குக் கீழே இருக்கின்றன. ஊசி மடைக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் ஊசி ஆடியது, சத்தம் வரவில்லை.

இந்தப் பட்டனை வீணுக்கு வைக்கவில்லை. மூன்று ஹெட் (நாடாவைத் தொடுகிற தலை) உள்ள நல்ல டெக்குகளில், பதிந்த சத்தத்தை நாடாவில் இருந்து அந்த நேரமே திருப்பிக் கேட்டு, சரியாகப் பதிகிறதா என்று பார்ப்பதற்காக வந்தது.

வோல்ட் திருகைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 240 க்கு மாற்றுங்கள். நம் நாட்டுக் கரண்ட் 230. ஊர் தூங்கிய பிறகு அதற்கு மேலும் ஏறும். 220 இல் விட்டால் உடனே எரியாது, ஆனால் ட்ரான்ஸ்போமர் தேவையில்லாமல் சூடாகும்.

மாங்குளத்துப் பிள்ளை:

அண்ணை!!! வந்துவிட்டது. பட்டனை எடுத்த உடனே பாட்டு வந்தது. அப்பா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். 25,000 கொடுத்திருப்பேனே என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது.

இரண்டு குறை மட்டும் இருக்கின்றன. வலது ஸ்பீக்கர் வந்து வந்து போகிறது, வொலியூமைத் தொட்டால் கரகர என்கிறது. எப்.எம்.மில் பாட்டுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் இருக்கிறது.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

நல்ல செய்தி தங்கச்சி. கரகரப்பு, பல வருடம் தொடாமல் கிடந்ததால் உள்ளே தொடுமுனைகளில் கறை பிடித்ததால் வருவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வொலியூம், பாலன்ஸ், பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் ஒவ்வொன்றையும் அடியில் இருந்து நுனி வரை முப்பது தரம் சுற்றுங்கள். பட்டன்களையும் அதே போல அமுக்கி எடுங்கள், முக்கியமாக டேப் மானிட்டரையும் ஸ்பீக்கர் பட்டனையும். வலது பக்கம் வந்து போவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். மிச்சத்துக்குக் கொன்டாக்ட் கிளீனர் அடிக்க வேண்டும், அதற்குத் தெரிந்த ஒருவர் மூடியைத் திறக்கட்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம். நம் செம்மண் புழுதி அதில் ஒட்டிச் சேறாகிவிடும்.

இரைச்சலுக்கு அன்ரனா வேண்டும். ஏறக்குறைய 150 சென்டிமீற்றர் நீளத்தில் இரட்டை வயர் எடுத்து, ஒரு நுனியில் இருந்து நடு வரை இரண்டாகப் பிரித்து, இரண்டு கையும் 75, 75 ஆக விரித்து, காவடித் தண்டு போலச் சுவரில் கிடையாகக் கட்டுங்கள். நடுவில் இருந்து இறங்குகிற இரண்டு நுனியையும் முதுகில் எப்.எம். என்ற இரண்டு திருகில் முடியுங்கள். மாங்குளத்துக்குக் கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் கிட்டத்தானே, 174 மீற்றர் உயரம், அதில் இருந்து வருகிற நிலையங்கள் சுத்தமாக விழ வேண்டும். தூரத்து நிலையம் என்றால் மோனோ பட்டனை அமுக்குங்கள், இரைச்சல் நன்றாகக் குறையும். ஸ்டீரியோ போனாலும் பேச்சு விளங்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் அன்ரனாவையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

பரந்தன்:

அண்ணை, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மச்சான் கனடாவில் இருந்து இதே போல ஒன்று அனுப்புகிறார். அப்படியே போடலாமா?

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

வேண்டாம் தம்பி! அங்கே 120 வோல்ட். முதுகில் மாற்றுகிற திருகு இல்லாவிட்டால் 230 கொடுத்த கணத்தில் போய்விடும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள், பெட்டியில் எழுதிய வாட்ஸை விடக் கூடியதாக. இலக்கம் ஓடுகிற டிஜிட்டல் ட்யூனர் என்றால் ஏ.எம். அங்கே 10 கிலோஹேர்ட்ஸ் படியாகத் தாவும், நமக்கு 9 வேண்டும், நிலையம் சரியாக உட்காராது. சிலவற்றில் அதற்கும் ஒரு சுவிச் உண்டு. யப்பானில் இருந்து நேரே வந்தது என்றால் இன்னும் கவனம். அங்கே 100 வோல்ட். பழைய யப்பான் பெட்டிகள் பலவற்றின் எப்.எம். 90 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் போகாது.

மாங்குளத்துப் பிள்ளை:

சுற்றியதில் கரகரப்பு எல்லாம் போய்விட்டது அண்ணை, வலது பக்கமும் நிலைத்துவிட்டது. இனிக் கசெற். டெக்கின் சிவப்பு வெள்ளை வயர்களை ரிசீவரின் டேப் என்ற இடத்தில் செருகி, சும்மா ஒரு பாட்டுக் கசெற்றைப் போட்டேன். சக்கரம் சுற்றுகிறது, சத்தம் இல்லை. டேப் மானிட்டரை வெளியேதான் வைத்திருக்கிறேன்.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

இப்போது அதை அமுக்க வேண்டும் தங்கச்சி. அன்றைக்கு வழியை மறித்த அதே பட்டன்தான் கசெற்றுக்கு வழி. அதோடு வயரையும் பாருங்கள். ரிசீவரில் டேப் பிளே, டேப் ரெக் என்று இரண்டு சோடி இருக்கும். டெக்கின் லைன் அவுட், ரிசீவரின் பிளேயில் போக வேண்டும். ரெக் என்பது ரிசீவரில் இருந்து வெளியே போகிற வழி. அதில் செருகினால் இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துக் கத்துவது போல, கேட்க ஆள் இல்லை.

முள்ளியவளை ரீச்சர்:

மகள், அப்பம்மாவின் கசெற்றை இன்னும் போடவில்லைத்தானே? போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். என் வீட்டில் ஒரு குரல் இப்படித்தான் போனது, உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யார் தவறிப் பதிவுப் பட்டனை அமுக்கினாலும் அது இறங்காது. அப்புறம், நாடா தெரிகிற வாயில் நடுவில் ஒரு சிறிய கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் குரல் மங்கிக் கேட்கும்.

டெக்கின் உள்ளே ரப்பர் பட்டி பல வருடத்தில் தார் போல இளகியிருக்கலாம், அப்போதுதான் நாடாவை இழுத்துச் சுருட்டிவிடும். ஆகவே போனாலும் கவலையில்லாத கசெற் ஒன்றை இரண்டு பக்கமும் முழுதாக ஓடவிடுங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பார்மசியில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள், பஞ்சில் மண்ணிறம் வராமல் போகும் வரை. பிறகு அப்பம்மாவின் கசெற்றைப் பென்சிலால் மெல்லச் சுற்றி, நாடா எங்கேயும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு போடுங்கள். முதல் ஓட்டத்திலேயே பதிந்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டத்தை நம்பி இருக்காதீர்கள்.

மாங்குளத்துப் பிள்ளை:

ரீச்சர், அண்ணை, எல்லோருக்கும்.

நேற்றுப் பின்னேரம் போட்டோம். வயரை நான் ரெக்கில்தான் செருகியிருந்தேன், மாற்றினேன். நாக்கை உடைத்தேன். கம்பளித் துண்டு இருந்தது. பழைய பாட்டுக் கசெற் இரண்டு பக்கமும் சிக்காமல் ஓடியது. ஹெட்டைத் துடைக்கத் துடைக்க நான்காவது பஞ்சில்தான் வெள்ளையாக வந்தது. ரிசீவரின் ஹெட்போன் துளையில் இருந்து தங்கச்சியின் மடிக்கணினிக்கு வயர் கொடுத்துப் பதிவையும் ஓடவிட்டேன்.

முதலில் கோழி கத்துகிற சத்தம். பிறகு யாரோ "பாடன் அம்மா" என்கிறார்கள், அது அப்பாவின் குரல், இளம் குரல். பிறகு அப்பம்மா தொடங்கினார். அப்பா ட்ரெபிளைத் தானே கூட்டினார், காது கொஞ்சம் மந்தம். பதினொரு நிமிடம் இருந்தது. முடிந்த பிறகும் நாடா வெறுமையாக ஓடுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார், நான் நிறுத்தவில்லை.

பதிவைச் சித்தப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். இரவில் அப்பா மெல்லமாக வைத்து இன்னொரு தரம் கேட்டார். மெல்லமாக வைத்தால் அடிக்குரல் எடுபடவில்லை என்கிறார். அது எந்தப் பட்டன் அண்ணை?

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

லவுட்னஸ். சத்தம் குறையும்போது நம் காதுக்குக் கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் முதலில் குறைந்து கேட்கும், அதை ஈடு செய்யத்தான் அந்தப் பட்டன். இரவில் அமுக்குங்கள், பகலில் கூட்டி வைக்கும்போது எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.